காந்தம் ஒட்டாத சட்டி

சமையலறையோடு விடுமுறை வீடு எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தெற்குப் பிரான்சிலுள்ள அவிஞோனில், நகரின் பழைய மதிலுக்குள்ளே, அப்படியொரு வீட்டை என் கணவர்தான் பதிந்து வைத்தார். அவர் இறந்து நாலு மாதத்தில் மகள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். "போற இடத்திலை அடுப்பு இருக்கும், எங்களுக்கேத்த சட்டி இராது" என்று அவர் எப்போதும் சொல்வார். அதனால் பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் அவர் வாங்கின அலுமினியச் சட்டியை அரிசி, கறித்தூளோடு கட்டினேன்.

அடுப்பு கண்ணாடிப் பலகை போலிருந்தது. உலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அடுப்பு இடையிடையே கீக் கீக் என்றது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மகள் வந்து தண்ணீருக்குள் விரலை விட்டாள்.

"அம்மா, இது பச்சைத் தண்ணி. காந்தம் ஒட்டுற சட்டிதான் இந்த அடுப்பிலை சூடாகும்."

"ஓம்" என்றேன்.

வீட்டுக்காரரின் சட்டி அலுமாரியிலேயே இருந்தது. மகள் அதில் சோறாக்கினாள். சாப்பிட்டேன். என்ன கறி என்று நினைவில்லை.

இப்போது வீடு பதிய முதல் என்ன அடுப்பு என்று கேட்கிறேன். குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டவென மகள் அவிஞோனில் வாங்கின காந்தத்தைச் சட்டிகளின் அடியில் வைத்துப் பார்க்கிறேன். அவர் வாங்கின ஒன்றிலும் அது ஒட்டுவதில்லை.

பாரிசுக்குப் பக்கத்தில், பொபினியில் இருக்கிற எங்கள் வீட்டு காஸ் அடுப்பையும் அந்த மாதிரிக் கண்ணாடி அடுப்பாக மாற்றுவோம் என்கிறாள் மகள். நான் விடவில்லை.