அக்காவுக்கு டெக்கு, எனக்கு ஸ்பீக்கர்

அத்தா ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ செட்டை எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணச் சீராகப் பிரித்துக் கொடுத்தார். எங்க கூனிமேட்டு வீட்டில் எதுவானாலும் மகள்களுக்குச் சரிசமம்தான். கேசட் போடுற, விளக்கு மினுக்கும் டெக்கு அக்காவுக்கு. ரெண்டு ஸ்பீக்கர் எனக்கு. பாடுறதை அவளுக்குக் கொடுத்துட்டு மரப்பெட்டியை என் தலையில கட்டினா அதுக்குப் பேர் சரிசமமா? நிக்காஹ் முடிந்து வண்டி ஏறும்போது அதை நினைத்துத்தான் அழுதேன். அம்மாவைப் பிரியுற அழுகைன்னு எல்லாரும் சமாதானம் சொன்னார்கள்.

அக்கா மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய வீட்டுக்கு வாழப் போனாள். லோக்கல் ஸ்பீக்கர் வாங்கி மாட்டி, டெக்கைக் கண்ணாடி ஷோகேஸில் வைத்தாள். பெருநாளுக்குப் போறவங்க எல்லாம் "மாஷா அல்லாஹ், ஃபாரின் செட்டா!" என்பார்கள். எனக்குப் பிரியாணி இறங்காது. என் ஸ்பீக்கர் ரெண்டும் துணி சுற்றி அடுப்படியில் கிடந்தன, மேலே வெங்காயக் கூடை.

போன மாசம் அக்கா போன் பண்ணினாள். "டெக்கை வித்துடலாம்னு இருக்கேன்டி. எவ்வளவு போகும்னு உன் வீட்டுக்காரரை விசாரிக்கச் சொல்லேன்." என் வீட்டுக்காரர் ஆரோவில்லில் டிரைவர். அங்கே பழைய செட்டு வாங்கி விற்கும் ஒருத்தரைப் பிடித்தார். அவர் பெரிய விலை சொல்லிடுவாரோன்னு அன்னிக்கு முழுக்க எனக்கு வயிறு எரிஞ்சுது.

அவரை அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனப்ப நானும் கூடவே போனேன். வாங்க வந்தவர் டெக்கோட மூடியைக் கழற்றினார். உள்ளே எல்லாம் பச்சைக் களிம்பும் துருவும். "உப்புக் காத்து தின்னுடுச்சும்மா. இனி இது காயலான் கடைக்குத்தான்," என்றார். அப்பாடா! சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கிட்டேன். அக்கா சும்மா தலையாட்டினாள்.

"இதோட ஸ்பீக்கர் எங்கே?" என்று அவர் கேட்டார். எங்க வீட்டுக்குக் கூட்டி வந்து கூடையை இறக்கினேன். துணியைப் பிரித்துப் பார்த்தவர் கீழே உட்கார்ந்தேவிட்டார். அடுப்புச் சூட்டில் ஈரம் ஏறாமல் அப்படியே இருக்குதாம். அவர் சொன்ன விலைக்குப் புது ஃப்ரிட்ஜே வாங்கலாம்.

யோசிச்சுச் சொல்லுங்கன்னு கிளம்பின அவர் வண்டி தெரு திரும்பறதுக்குள்ள அக்காவுக்குப் போன் போட்டேன். "கேட்டியா, எனக்குக் குடுத்ததுதான் ஒசத்தியாம்!"

"தெரியும்டி," என்றாள். "அத்தா அப்பவே என்னை மாடிக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு. டெக்கு கெட்டுப்போற சாமான், ஸ்பீக்கர்தான் நிக்கும், சின்னவளுக்கு அது இருக்கட்டும், நீ மனசுல வெச்சுக்காதேன்னாரு. ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தோம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத்தான் நல்லதைக் குடுத்துட்டாரே, அப்புறம் என்னத்தைச் சொல்றது?"

அத்தா என்னை ஒரு நாளும் தனியா மாடிக்குக் கூப்பிட்டதில்லை. இனி கேட்க அவரும் இல்லை. வித்துடுறியான்னு அக்கா கேட்டாள். போனை வெச்சுட்டு, வெங்காயக் கூடையைத் தூக்கி மறுபடி ஸ்பீக்கர் மேலேயே வைத்தேன்.