மறைத்து உருட்டிய பகடை

அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நான் சித்தப்பாவைச் சந்தேகப்பட்டேன். மெட்ராஸில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த அவர், ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட ஓர் ஆட்டத்தைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. அவர் கதை சொல்வார். அக்காவும் நானும் அதில் வரும் திருடிகள். செஞ்சியைப் போல ஒரு கோட்டை, நிறையக் காவலர்கள். என்ன செய்யப்போகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது நடக்குமா என்பதை லூடோ பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பகடைகள் தீர்மானிக்கும்.

பதுங்கிப் போவதற்கு மட்டும் சித்தப்பா சொந்தமாகச் சட்டம் வைத்திருந்தார். எட்டு அல்லது அதற்கு மேல் விழுந்தால் காவலன் கண்ணில் படமாட்டோம். செருப்பைக் கழற்றியிருந்தால் ஒன்று கூட்டு, கொலுசு போட்டிருந்தால் இரண்டு கழி. இதெல்லாம் எனக்குச் சம்மதம்தான். ஆனால் பதுங்கலுக்கான பகடைகளை மட்டும் அவரே உருட்டுவார், தடித்த பாடப்புத்தகம் ஒன்றை நிறுத்தி அதற்குப் பின்னால்.

"ஒளிஞ்சிக்கினு போறவளுக்கு, யாரு பாத்துட்டாங்கன்னு எப்பிடித் தெரியும்? அதான்" என்றார்.

கஜானாவை நெருங்கும்போதெல்லாம் நான் பிடிபட்டேன். அக்கா ஒருமுறைகூடப் பிடிபடவில்லை. அவள் அந்த வருடம் பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிக்கப் பாண்டிக்குப் போகிறேன் என்றதற்கு அப்பா முடியாது என்றுவிட்டார். அதன்பிறகு கடைத்தெருவுக்குக்கூட அவளைத் தனியாக அனுப்புவதில்லை. ஆட்டத்திலோ, உள்ளே அத்தனை நகை இருக்க, அவள் மதிலோரமாகவே நடந்து கோட்டை வாசலைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஏதோ கூட்டு என்று முடிவுகட்டினேன்.

ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நான்கும் ஒன்றும் விழுந்திருந்தன.

"காவக்காரன் கொட்டாவி உட்டுக்கினு அந்தாண்ட திரும்பிட்டான். நீ போலாம்" என்றார் அக்காவிடம்.

"பொய்யி! அஞ்சுதான் வுழுந்துச்சி! இனிமே எல்லார் எதிர்லயும் உருட்டணும்."

சித்தப்பா அக்காவைப் பார்த்தார்.

"உருட்டுங்க சித்தப்பா" என்றாள் அவள்.

புத்தகம் இல்லாமல் உருட்டினார். மூன்று. வெறுங்காலுக்கு ஒன்று சேர்த்து நான்கு.

"பாத்துட்டான்" என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில். அக்கா எழுந்து மல்லாட்டைக் கடலை உரிக்கப் போய்விட்டாள். எனக்கு நியாயம் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை சித்தப்பாவும் அப்பாவும் கொல்லையில் சத்தம் போட்டுக்கொண்டார்கள். "எம் பொண்ண எனக்குப் பாத்துக்கத் தெரியும். நீ உன் வேலயப் பாரு" என்று அப்பா கத்தியது மட்டும் தெளிவாகக் கேட்டது. லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போதே சித்தப்பா பஸ் ஏறிவிட்டார். ஆவணியில் அக்காவை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

ஏமாற்றியது வெளிப்பட்டுவிட்ட வெட்கத்தில்தான் சித்தப்பா ஓடுகிறார் என்று அப்போது நினைத்தேன். எம் பொண்ணு என்று அப்பா சொன்னது என்னைத்தான் என்று நம்பி, சண்டை நடந்த அன்று முழுக்கப் பெருமையோடு அவர் பின்னாலேயே சுற்றினேன்.