சாந்தி அக்கா கேட்க நினைத்த ஆந்தைக் குரல்

செய்தி வந்தபோது நான் பொம்மையார்பாளையம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். போனில் சாந்தி அக்காவின் கணவர் சேகர் அண்ணன். "விமலா, உங்க அக்கா போயிட்டாம்மா" என்றார். வந்த பஸ்ஸை அப்படியே விட்டுவிட்டேன்.

சாந்தி அக்கா எங்கள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய பனந்தோப்புகளில் ஆந்தைகளைக் கணக்கெடுக்கும் வேலையைத் தொடங்கியவர் அவர்தான். பொழுது சாயும் நேரத்தில், பதிவுசெய்த ஆந்தைக் குரலை ஒரு சின்ன ஸ்பீக்கரில் போடுவோம். தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதென்று நினைத்து அங்கிருக்கும் ஆந்தை பதில் கொடுக்கும். உடனே நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை இன்னொரு தரம் கேட்கும் ஆசையில் மறுபடி பட்டனை அழுத்தப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "அதான் இருக்கேன்னு சொல்லிடுச்சே! இன்னும் இன்னாத்துக்கு அத்த வம்புக்கு இழுக்கற?"

தொடங்கிய புதிதில் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு ஓரமாக ஸ்பீக்கரை வைத்தோம். ஓர் அம்மாள் ஓடிவந்தார். "எங்க வூட்டுக்காரரு காய்ச்சல்ல கெடக்கறாரு. ஆந்தைய அலறவுட்டு எழவு கூட்றீங்களா? நீங்கல்லாம் படிச்சவங்களா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது, மூடநம்பிக்கை என்று வாதாட வாயெடுத்தேன். அக்கா அதற்குள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "தப்புதாங்க, கேட்டுட்டு போட்டிருக்கணும்" என்று கைகூப்பினார். அன்றுமுதல் அது விதியாயிற்று. அக்கம்பக்கம் கேட்காமல் குரல் போடக்கூடாது. நோயாளி இருக்கும் வீட்டார் வேண்டாமென்றால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். "நம்ம கணக்கு கொறஞ்சா கொறயட்டும். அவங்க பயத்தோட படுக்கக் கூடாது" என்பார்.

பிறகு அவருக்கே புற்றுநோய் வந்தது. பாவி நோய், சில மாதங்களிலேயே கட்டிலோடு கிடத்திவிட்டது. கூனிமேட்டில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பனை, அதன் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி. ஒவ்வோர் ஆண்டும் அங்கே தம் கையாலேயே குரல் போடுவார். இந்தமுறை என்னைக் கூப்பிட்டு, "ஜன்னலத் தொறந்து வெச்சிருப்பேன். வந்து போடு. பதில் சொல்லுதான்னு நான் கேக்கணும், விமலா" என்றார்.

போனேன். வாசலிலேயே சேகர் அண்ணன் வழிமறித்தார்.

"வேணாம்மா. அவ இருக்கற நெலமையில அந்தச் சத்தம் வேணாம். உன் கால்ல வேணா வுழறேன்."

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "நான் போட்ட ரூலு. எனக்குன்னா மாத்த முடியுமா? போம்மா, அடுத்த எடத்தப் பாரு" என்றார். கணவர் காதில் விழக்கூடாதென்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அதை நினைத்தால் யார்மேல் கோபப்படுவதென்றுதான் தெரியவில்லை.

காரியம் முடிந்த அன்று மாலை நான் கிளம்பும்போது அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"ஸ்பீக்கரு பையில இருக்குதா? போடும்மா. இனிமே எனக்கு இன்னா பயம்?"

போட்டேன். பனையிலிருந்து உடனே பதில் வந்தது. நிறுத்தினேன்.

"சாந்தி, கேட்டுச்சாடி?" என்று அந்த ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உங்கள் பனையில் ஆந்தை இருக்கிறது, அக்கா. கணக்கில் சேர்த்துவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.