விருந்தாளிக்குக் காட்டாத பிள்ளை

பதருன்னிசா வெட்கத்தை விட்டுவிட்டாள் என்று செங்கல்பட்டு பஜாரில் பேசிக்கொண்டார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது? பாய்க்கடை ஜெயினுலாபுதீனின் மனைவி வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஆண்களுக்கு நடுவே நிற்பதை அவர்கள் பார்த்தார்கள். எதற்காக நிற்கிறாள் என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? கிடையாது.

அவள் நின்றது மகள் சைதூனுக்காக. சைதூனுக்குப் பதின்மூன்று வயது. பேச்சு வராது. எச்சில் வழிந்தால் துடைக்கத் தெரியாது. ஒன்றுக்கு இரண்டுக்கு வந்தால் சொல்லத் தெரியாது. ஏதாவது பிடிக்கவில்லையென்றால் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள். ஜெயினுலாபுதீன் அவளை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போனதும் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால், "புள்ளய உள்ள வையி" என்பார். சைதூன் பின்கட்டு அறைக்குப் போவாள், கதவு சாத்தப்படும், வந்தவர்களுக்கு டீ வரும். அந்த வீட்டு வழக்கம் என்று மட்டும் சொல்வானேன்? அப்படியொரு பிள்ளை இருந்த எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது.

ஆஸ்பத்திரி வரிசையில் காத்திருந்தபோதுதான் அவளுக்கு வசுமதி பழக்கமானாள். வசுமதியின் கணவர் கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலையில் இருந்தார். அவர்கள் மகனும் சைதூன் மாதிரிதான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பெங்களூரில் கொஞ்ச நாள் தங்கிக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள் வசுமதி. இரண்டு பேரும் ரயிலடிக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு நெல் கிடங்கைக் கேட்டு வாங்கி, ஊரில் கிடைத்த பிள்ளைகளையெல்லாம் சேர்த்து உட்காரவைத்தார்கள். அங்கேதான் சைதூன் முதன்முதலாகத் தன் கையால் சோற்றை எடுத்து வாயில் வைத்தாள். பாதி கீழே சிந்தியது. சிந்தினால் என்ன? பதருன்னிசா மூலையில் போய் நின்றுகொண்டு மூச்சு முட்ட அழுதாள்.

எழுபத்தேழாம் வருஷம் எல்லாக் கஷ்டமும் ஒன்றாக வந்தது. வசுமதியின் கணவருக்குப் பம்பாய்க்கு மாற்றல். கிடங்குக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அரசாங்க மானியம் கிடைத்தால் வேறு இடம் பார்த்து, படித்த டீச்சர் ஒருத்தியை வைத்து நடத்தலாம். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் பின்கட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பதருன்னிசாவுக்கு ஒரே கேள்விதான். தான் மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டால் இந்தப் பெண்ணைத் தொட்டுக் கழுவிவிட ஆள் யார்? அந்தக் கேள்வி வந்தால் அவளால் ஒரு வாய் சோறு இறக்க முடியாது.

தாலுகா ஆபீசில் காஞ்சிபுரத்துக்குப் போகச் சொன்னார்கள். காஞ்சிபுரத்தில் மெட்ராசுக்குப் போகச் சொன்னார்கள். மெட்ராசில் ஒரு புண்ணியவான், "பைத்தியம்னா ஆஸ்பத்திரிக்கில்ல போகணும்?" என்றார்.

"பைத்தியம் இல்ல சார். புத்தி வளராத புள்ள. சொல்லிக் குடுத்தா கத்துக்கும்."

இதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப்போனது. ஒருவழியாகத் தகவல் வந்தது. சுப்புராமன் என்ற அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், அவர் எழுதுவதுதான் முடிவு.

காரியம் கெட்டது அங்கேதான். அதிகாரி என்றால் பெரிய மனிதர். பெரிய மனிதர் வந்தால் அம்மாக்களுக்குத் தெரிந்தது ஒரே வழக்கம்தான். ஒருத்தரும் இன்னொருத்தரிடம் கலந்து பேசவில்லை, ஆனால் எல்லோரும் பேசிவைத்த மாதிரி அதையே செய்தார்கள். கத்துகிற பிள்ளை, கடிக்கிற பிள்ளை, துணியை நனைக்கிற பிள்ளை எல்லாம் வீட்டில் நின்றுவிட்டன. சாதுப் பிள்ளைகள் மட்டும் பவுடர் பூசி, பண்டிகைச் சட்டை போட்டுக் கிடங்குக்கு வந்து உட்கார்ந்திருந்தன. ஞானம்பாள் என்ற அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், மூத்தவனை விட்டுவிட்டு ஒரு குறையும் இல்லாத இளையவனைக் கூட்டி வந்திருந்தாள். "எடம் காலியாத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?" என்று வேறு கேட்டாள்.

அவளைச் சொல்லப் பதருன்னிசாவுக்கு வாய் ஏது? ஆபீஸ் ஆபீசாகப் போய் மகளுக்காகப் பேசினவள், அன்று காலை அதே மகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள்.

வசுமதி வந்து பார்த்துத் தலையில் கைவைத்தாள். "என்னக்கா இது, கல்யாணத்துக்கா வந்திருக்கோம்? சைதூன் எங்க?"

பதில் சொல்வதற்குள் ஜீப் வந்து நின்றது.

சுப்புராமன் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பார்த்தார். ஞானம்பாளின் இளையவன் எழுந்து நின்று இரண்டாம் வாய்பாட்டைக் கடகடவென்று ஒப்பித்தான். அதிகாரி சிரித்துவிட்டார்.

"எல்லாரும் நல்லாத்தானேம்மா இருக்காங்க? முனிசிபல் ஸ்கூல்லயே சேத்துடலாமே."

"இன்னும் புள்ளைங்க கீது சார். வூட்ல கீது. அதுங்கள நீங்க பாக்கணும்" என்றாள் பதருன்னிசா.

"வீட்டுல வச்சுப் பாத்துக்க முடியுதுன்னா அப்புறம் கவர்மெண்ட் எதுக்கும்மா?"

அவ்வளவுதான். மகாபலிபுரத்தில் விருந்தினர் விடுதியில் சாப்பாடு சொல்லியிருக்கிறது என்று ஜீப் ஏறிவிட்டார். வசுமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதருன்னிசா உட்காரவில்லை. வீட்டுக்கு ஓடினாள்.

சாப்பிட வந்திருந்த ஜெயினுலாபுதீன், அவள் சைதூனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதைப் பார்த்து எழுந்துவிட்டார். "எங்க இட்டுகினு போற? ஊரே பாக்கும்!"

"பாக்கட்டும். பாக்கத்தான் இட்டுகினு போறேன்."

மகாபலிபுரம் பஸ் கிளம்பியதும் சைதூன் கத்த ஆரம்பித்தாள். முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை மோதினாள். பாவாடை நனைந்து சீட்டும் நனைந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளி நின்றார்கள். திருக்கழுக்குன்றத்தில் கண்டக்டர், "எறங்கும்மா, பேஜாரா கீது" என்றான். பதருன்னிசா கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கத்தட்டும் என்று நினைத்தாள். பதின்மூன்று வருஷமாகப் பிள்ளை அடங்க வேண்டும் என்று துஆ கேட்டவள், "யா அல்லா, அங்க போற வரிக்கும் அடங்கக் கூடாது" என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டாள்.

அல்லா அதைக் கேட்கவில்லை. விடுதி வாசலைத் தாண்டியதும் எதிரே கடல் தெரிந்தது. சைதூன் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். அலை வந்து விழுந்ததும் சிரித்தாள். ஈரப் பாவாடை காற்றில் படபடக்க, அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர் கண்பட்டுவிடும் போல அழகாக நின்றாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் பதருன்னிசா சந்தோஷத்தில் செத்தே போயிருப்பாள்.

சாப்பிட்டு முடித்து வராந்தாவில் சாய்ந்திருந்த சுப்புராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவதான் உங்க பொண்ணா? சாதுவாத்தானே இருக்கா."

"இல்ல சார், பஸ்ல கத்திகினு வந்தா சார். தலய முட்டிக்குவா. என்னாலயே புடிக்க முடியாது."

"இப்ப ஒண்ணும் காணோமேம்மா." அவர் செருப்பைத் தேடிக் காலை நீட்டினார். டிரைவர் ஜீப்பை எடுக்கப் போனான்.

பதருன்னிசா மகளைப் பார்த்தாள். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது முகம். அவள் துப்பட்டியின் மறைவிலேயே கையை நீட்டி, சைதூனின் மேல்கையில் உள்பக்கத்துச் சதையை நகத்தால் பிடித்து, பலம் கொண்ட மட்டும் திருகினாள்.

சைதூன் அலறிய அலறலில் உள்ளே இருந்த சமையல்காரர் ஓடிவந்தார். அவள் கீழே விழுந்தாள், படிக்கல்லில் தலையை முட்டினாள், மறுபடி முட்டினாள். நெற்றி கிழிந்தது. சுப்புராமன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. பதருன்னிசா தடுக்கவில்லை. நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றாள்.

"பிடிங்கம்மா! போதும், பிடிங்க!" அவர் முகம் வெளுத்திருந்தது. "இந்த மாதிரி இன்னும் இருக்காங்களா?"

"வூட்டுக்குள்ள வச்சு சாத்திகினு கீறோம் சார்."

"நான் எழுதறேன். இன்னிக்கே எழுதறேன். முதல்ல குழந்தையத் தூக்குங்க."

அப்போதுதான் அவள் குனிந்தாள். சைதூனுக்குக் கிள்ளியது யார் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் போக வேறு இடம் ஏது? விக்கி விக்கி அழுதுகொண்டே தவழ்ந்து வந்து அம்மாவின் மடியில் ஏறினாள். நகம் பதிந்து கன்றிப்போன கையைத் தூக்கி, ஊதிவிடு என்பது போல, அவள் வாயருகே நீட்டினாள்.