நரம்பு அறுந்த நத்தார் கச்சேரி

நனைந்த ஆட்டுக்குடல் நரம்புக்கு ஒரு மணம் உண்டு. தோல் செருப்பு மழையில் ஊறினால் வருமே, அதற்குக் கொஞ்சம் மேலே... டிசம்பரில், நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்மஸ் நாட்களில், மழை விடாமல் கொட்டும்போது, எங்கள் கொன்வென்ட் தேவாலயத்தில் மெழுகுதிரி வாசனையோடு அந்த மணமும் நிற்கும்.

அறுபதுகளின் கடைசி. படிப்பு முடித்து அங்கேயே சங்கீத வகுப்புக்கு உதவியாக இருந்தேன். பாட்டுக் குழுவை நடத்திய சிஸ்டர் ஐரோப்பாவிலிருந்து வந்தவர். முந்நூறு வருஷத்துப் பழைய பரோக் சங்கீதத்தை அந்தக் காலத்து வாத்தியத்தில்தான் வாசிக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. வயலினுக்குக் கம்பி போட விடமாட்டார்; குடல் நரம்புதான்.

திருகோணமலை ஈரத்தில் அந்த நரம்பு சொன்னபடி கேட்காது. பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி, சிஸ்டர் கண்ணை மூடிக் காதைச் சாய்த்துச் சுருதி சேர்ப்பார். ஒரு வருஷம் சபையில் சிலர் அதையே முதற் பாட்டென்று நினைத்துக் கை தட்டினார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆண் குரலுக்கு கொன்வென்டில் எங்கே போவது? துறைமுகத்தில் வேலை செய்த ஆறு பேரை ஃபாதர் பிடித்துக் கொடுத்தார். அவர்கள் பீடத்துக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், நேருக்கு நேர். நாங்கள் புத்தகத்தைப் பார்க்கலாம், சிஸ்டரைப் பார்க்கலாம். வேறெதையும் பார்க்கக் கூடாது.

சிஸ்டர் கண்ணை மூடும் நேரத்தில் மற்ற எல்லாக் கண்ணும் திறக்கும். என்னுடையது திறந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை.

அந்த ஆறு பேரில் ஒருவர் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞர், அதாவது கிளார்க். கீழ்க்குரல் பாடுபவர். அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. நத்தார் கச்சேரி அன்று பின்னேரம், உடுப்பு மாற்றும் அறையில் என் சிநேகிதி பிலோமினா காதுக்குள் சொன்னாள்.

"அவர் கேக்கச் சொன்னவர். உனக்கு விருப்பமெண்டால் கச்சேரி முடியிறதுக்குள்ள ஒருக்கா தலையாட்டட்டாம். நாளைக்குக் காலமை தாய் மன்னாருக்குப் பொம்பிளை பாக்கப் போறா."

"ஏன், மணியடிச்சவுடன ஓடிவர நானென்ன வேலைக்காரியோ?"

"நீ இப்பிடியே இரு. அடுத்த நத்தாருக்கு மன்னார்க்காரி வந்து உனக்குப் பக்கத்தில நிண்டு பாடுவாள்."

விருப்பம் இல்லாமல் இல்லை. கேட்டவுடனே ஓம் சொல்லத்தான் ஏலவில்லை.

அன்று கச்சேரியில் சிஸ்டர் மூன்று தடவை சுருதி சேர்த்தார். மூன்று தடவையும் நான் புத்தகத்தையே பார்த்தேன்.

கடைசிப் பாட்டுக்கு முன் வயலின் நரம்பு பட்டென்று அறுந்தது. சிஸ்டர் வேறொன்று கட்டினார். புது நரம்பு, அதுவும் மழையில்... முறுக்க முறுக்க இறங்கும். கம்பியென்றால் ஒரு நிமிஷ வேலை. சிஸ்டர் கண்ணை மூடியபடியே நின்றார்.

நான் நிமிர்ந்தேன்.

எதிர்ப்பக்கத்தில் நின்ற அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி இல்லை என்று முடிவு செய்தவர் நிற்கிற மாதிரி.

நரம்பு சேரப் போகிறது, சிஸ்டர் கண் திறக்கப் போகிறார்... இன்னும் ஒருக்கா இறங்கு என்று அந்த நரம்பிடம் மன்றாடினேன். மாதாவிடம்கூட அப்படிக் கேட்டதில்லை.

இறங்கியது. சிஸ்டர் உச்சுக் கொட்டிவிட்டு மறுபடி முறுக்கினார். அந்தச் சத்தத்துக்கு எதிரே நின்ற அவர் நிமிர்ந்தார். நான் தலையாட்டினேன். ஒரே ஒரு தரம்.

கடைசிப் பாட்டில் ஒரு கீழ்க்குரல் எல்லா இடத்திலும் முந்திக்கொண்டு நுழைந்தது. சிஸ்டர் ஒரு கிழமை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி ஏசினார்.

நாற்பத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். ஒவ்வொரு நத்தாருக்கும், "அந்த நரம்புக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்க வேணும்" என்பார். "அது அறாட்டிலும் நான் தலையாட்டித்தான் இருப்பன்" என்பேன். "ஓமோம்" என்று சிரிப்பார். நான் சொன்னது பொய். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதும் அதை ஒப்புக்கொள்ளவில்லை...

இப்போது எங்கள் தேவாலயத்தில் கீபோர்ட். சுவிட்சைப் போட்டால் சுருதி தயார். குறை சொல்லவில்லை, பிள்ளைகள் நன்றாகவே பாடுகிறார்கள். உச்சரிப்புத்தான் கொஞ்சம் திருந்த வேண்டும்.

இந்த நத்தாருக்குக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து, அதே காலத்துச் சங்கீதத்தைப் பழைய மாதிரி வாத்தியங்களில், குடல் நரம்பு கட்டி வாசித்தார்கள். வெளியே மழை. நிறுத்தி நிறுத்திச் சுருதி சேர்த்தார்கள். வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை போனை எடுத்துவிட்டாள்.

"என்ன மாமி, வாசிக்கிறதைவிட முறுக்கிறதுதான் கூட. நீங்கள் எழும்பி ஏசப்போறீங்களெண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

பூசை ஐந்து நிமிஷம் பிந்தினாலே ஃபாதரிடம் போய்க் கேட்கிறவள் நான். அது அவளுக்குத் தெரியும்.

"விடு பிள்ளை. அவை ஆறுதலா, மெள்ள மெள்ள முறுக்கட்டும்."

பீடத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். கறுப்பு உடுப்பில் ஏழெட்டு ஆண்கள், தெரியாத முகங்கள். ஒவ்வொரு முகமாக, கடைசி வரிசை வரைக்கும் பார்த்தேன். குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவரும் நிற்கவில்லை...

அதற்குள் சுருதி சேர்ந்துவிட்டது.