ஐந்து ரோஜா பாக்கி

புத்தாண்டு முடிந்த மறுநாள் காலை. கிறிஸ்மஸ் நட்சத்திரத்தைக் கழற்றி பீரோ மேல் ஏற்றப் போனேன். மேலேயிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் என் தலையில் விழுந்தது. அடி படவில்லை. ஆனால் உள்ளே இருந்ததைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வெள்ளை ஃபிராக். மூன்று மாதக் குழந்தைக்கான அளவு. கழுத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ரோஜா மொட்டு வர வேண்டும். ஏழு வந்திருக்கிறது. ஐந்து பாக்கி. பென்சில் கோடு மட்டும் மங்கலாக நிற்கிறது.

என் மகள் அபிஷாவின் ஞானஸ்நானத்துக்காக ஆரம்பித்தது. அப்போது அவள் என் வயிற்றில், ஏழாம் மாதம். எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம். எல்லோரும் தங்களுக்கு என்ன வசனம் வந்தது என்று பார்ப்பார்கள். நான் ஓரத்தில் என்ன பூ போட்டிருக்கிறது என்று பார்ப்பேன்… புத்தி அப்படி! அந்த வருட அட்டையின் ரோஜாக்கொடிதான் இது.

ஏழாவது மொட்டில் பிரசவ வலி. அப்புறம் எங்கே ஊசி, எங்கே நூல்? கடைசியில் கடையில் வாங்கிய நெட் ஃபிராக்கைப் போட்டுத்தான் ஞானஸ்நானம் நடந்தது. ஆராதனை முழுக்க அழுதாள். தண்ணீர் குளிர்ந்தது என்றார்கள். நெட் குத்தியது என்று நான் இன்றுவரை நம்புகிறேன்.

அபிஷாவுக்கு இப்போது ஒன்பது வயது.

ஒவ்வொரு ஜனவரியிலும் புது டைரியில் டைம்டேபிள் போடுவேன். பதினொன்று முதல் பன்னிரண்டு வரை — தையல். நீங்களும் இப்படி எதையாவது எழுதி வைப்பீர்கள்தானே? எத்தனை நாள் ஓடியது? எனக்கு நாலு நாள். அதற்குள் கேஸ் சிலிண்டர் வரும், மீன்காரம்மா வருவார், ஸ்கூல் பிராஜெக்டுக்குத் தெர்மோகோலில் எரிமலை செய்ய வேண்டியிருக்கும். அந்த எரிமலைக்கு முதல் பரிசு வேறு. செய்தது யார் என்று கேட்காதீர்கள்.

நான் நாகர்கோவில்காரி. வாழ்க்கைப்பட்டது மார்த்தாண்டம் பக்கம். இங்கே ‘சும்மா’ என்பதை ‘வெறுதே’ என்பார்கள். நான் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தால் மாமியார் சொல்வார்: “அவ வெறுதேதான் இருக்கா, இந்தா குடுக்கேன்.” அதுவே நான் இறால் உரித்துக்கொண்டிருந்தால், “அவளுக்கு வேல கெடக்கு, பின்ன கூப்பிடு.” மாமி நல்லவர். அந்த வார்த்தைதான் அவ்வப்போது ஊசி மாதிரி ஏறும்.

அன்றைக்கும் தரையில் உட்கார்ந்திருந்த என்னை மாமி பார்த்துவிட்டார். ஃபிராக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் பக்கம் ஒற்றைப் பிள்ளையையும் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மக்களே, இத எதுக்கு வெறுதே கவருக்குள்ள போட்டு வச்சிருக்க? ஷீபா பிள்ளைக்கு வாற ஞாயிறு ஞானஸ்நானம். அஞ்சு பூவுதானே பாக்கி? ஒரு மணிக்கூர் வேல.”

ஷீபா என் நாத்தனார். குளச்சலில் இருக்கிறாள். முதல் குழந்தை, அதுவும் பெண்.

கொடுக்க எனக்கு மனசில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முடிக்காமல் இருந்தவரை அது என் குழந்தையின் உடுப்பு. முடித்துவிட்டால்… அதைப் போட்டுக்கொள்ள அந்த அளவில் என்னிடம் குழந்தை இல்லை என்பதும் முடிவாகிவிடும். இதை மாமியிடம் எப்படிச் சொல்வது? மஸ்கட்டில் இருக்கும் கணவரிடம் போனில் சொல்லிப் பார்த்தேன்.

“குடுத்துரு. நமக்கு வேற ஒண்ணு தச்சா போச்சு,” என்றார்.

“ஆருக்கு?” என்றேன்.

லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஊசி கோத்தேன். ஒன்பது வருடம் முடியாத வேலை, இரண்டே காலையில் முடிந்தது! எப்படி என்கிறீர்களா? சமையல் மாமி. துணி காயப்போட்டது மாமி. சிலிண்டர்காரரிடம் பேசியதும் மாமி. நடுவில் என் போன் அடித்தபோது அவரே எடுத்து, “அவளுக்கு வேல கெடக்கு, பின்ன கூப்பிடு,” என்றார்.

கையில் இருந்தது அதே ஊசி, அதே நூல். நம் ஆசைக்குத் தைத்தால் வெறுதே. அடுத்தவர் தேவைக்குத் தைத்தால் வேலை. சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பன்னிரண்டாவது மொட்டில் ஒரு சுற்று நூல் கூடிவிட்டது. பிரிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குளச்சல். ஷீபாவின் மகள் அந்த ஃபிராக்கில் அழவே இல்லை. போதகர் ஐயர் அவள் தலையில் தண்ணீர் ஊற்றியபோதும் அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு கச்சிதம். நானோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அளவில், இந்த எடையில் ஒருத்தி என்னிடமும் இருந்தாளே… அவள் எந்த நாளில், எந்த வேலைக்கு நடுவில் வளர்ந்து போனாள்?

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அபிஷா என் சேலையை இழுத்தாள். இப்போது என் தோள் உயரம்.

“அது எனக்குத் தச்சதுன்னு பாட்டி சொன்னா. பின்ன எனக்கு ஏம்மா போடல்ல?”

என்ன சொல்ல? டைம்டேபிள் கதையையா, எரிமலைக் கதையையா?

“முடிக்க முடியல்ல மக்களே. நீ எப்பவும் என் கையிலதான் இருப்ப. இறக்கி விட்டா அழுவ. அம்மைக்குக் கை ஒழியல்ல.”

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இப்ப ஒழிஞ்சிருக்கா?”

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கேக் கொடுக்கும் பக்கம் ஓடிவிட்டாள்.

ஒழிந்துதான் இருக்கிறது மக்களே… என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.