சிரிக்காத சுகுமார்

இன்று காலை கொரட்டூரில், டிரம்மர் சுகுமாரின் கண்ணீர் அஞ்சலி பேனர் முன்னால் நின்றேன். நேற்று மாரடைப்பில் போய்விட்டான்.

கல்யாணக் கச்சேரிகளில் வாசித்த நாங்கள் நான்கு பேர், ஆசைக்கு, காது கிழிய அலறும் ஒரு ஹெவி மெட்டல் பேண்ட் ஆரம்பித்தோம். பருத்திப்பட்டு அபார்ட்மெண்ட் விழாவில் இரண்டாவது பாட்டிலேயே கரண்டைப் பிடுங்கினார்கள். அதோடு சரி.

பேனரில் இருப்பது அந்த பேண்டுக்காக எடுத்த போட்டோ. கறுப்புச் சட்டை, கொலைவெறி முறைப்பு. தோளில் கிடக்கும் கை என்னுடையது. மீதி என்னை வெட்டிவிட்டார்கள்.

"வேற போட்டோ கிடைக்கலையாடா?" என்று அவன் தம்பியிடம் கேட்டேன்.

"மத்த எல்லாத்துலயும் சிரிச்சிகினு கீறான்ணா. சாவு பேனர்ல அத எப்டிணா போடுறது?"

அந்த ஒரு முறைப்பை வாங்க எங்களுக்கு அரை நாள் ஆனது. கேமராவைத் தூக்கினாலே சிரித்துவிடுவான்.

சிரிக்கிற சுகுமாரை வைத்திருப்பவர்கள் கமெண்டில் போடுங்கள். தெருவில்தான் வைக்கக் கூடாதாம்.